ஒரே டிக்கெட்டா, உடைத்து எடுப்பதா? திருவனந்தபுரத்திலிருந்து லாஸ் வேகாஸ்

கேள்வி: திங்கள்சந்தை வாசகர் ஒருவர், 2025 ஆகஸ்ட் 19

ஜனவரி 6 முதல் 9 வரை லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சிக்குக் கம்பெனி என்னை அனுப்புகிறது. திருவனந்தபுரத்திலிருந்து வேகாஸ் வரை ஒரே டிக்கெட்டாகப் பார்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தொடுகிறது. சிகாகோ வரை ஒன்று, அங்கிருந்து உள்ளூர் விமானத்துக்குத் தனியாக ஒன்று என்று உடைத்தால் முப்பதாயிரம் குறைகிறது. ஒரே டிக்கெட் எடுப்பவன் ஏமாளி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள். அங்கே ஓட்டல் 39 டாலருக்குக் கிடைக்குமாமே, உண்மையா?

ஆகஸ்ட் 19, இரவு

நானும் உங்கள் கட்சிதான் தம்பி. குழித்துறைப் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் ஏற்றுமதி பார்க்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு: அண்டி என்றால் முந்திரிக்கொட்டை, அதை உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழிற்சாலைதான் அண்டி ஆபீஸ். செப்டம்பரில் வேகாஸ் மாநாட்டு மையத்தில் பேக்கரித் தொழில் கண்காட்சி. ஐபிஐஇ என்று பெயர், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. இந்த முறை அரங்குகள் 14 முதல் 17 வரை. முதலாளி போகச் சொல்லிவிட்டார். விசா 2023-லேயே சென்னையில் நேர்காணல் முடிந்து வாங்கியது, பத்து வருஷத்துக்கு இருக்கிறது.

நேற்றுத்தான் டிக்கெட் போட்டேன். ஒரே டிக்கெட் 1,46,000. உடைத்தால் 1,15,000. உடைத்தே போட்டேன். மிச்சம் 31,000. சிகாகோவில் நாலு மணி நேரம் இடைவெளி. தாராளம்.

ஆகஸ்ட் 21

ஏன் சிகாகோ, ஏன் துபாய் வழி லாஸ் ஏஞ்சலஸ் இல்லை என்று கருங்கல்காரர் கேட்டிருக்கிறார். சிகாகோவுக்காக இல்லை, அபுதாபிக்காக. அபுதாபி விமான நிலையத்திலேயே அமெரிக்க இமிகிரேஷனும் கஸ்டம்ஸும் முடிந்துவிடும். 2014-லிருந்து இருக்கிற ஏற்பாடு, வளைகுடாவில் வேறெங்கும் கிடையாது. சிகாகோவில் இறங்கினால் மும்பையிலிருந்து வந்தவன் சென்னையில் இறங்கின மாதிரி பையை எடுத்துக்கொண்டு நடக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் வழி என்றால் துபாயிலிருந்து பதினாறு மணி நேரம் ஒரே இருப்பு, இறங்கிய பிறகு இமிகிரேஷன் வரிசை வேறு.

ஆகஸ்ட் 27

இன்றிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி. வியட்நாம் சரக்குக்கு 20. முந்திரியில் நமக்குப் போட்டியே வியட்நாம்தான் என்பது தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

முதலாளியிடம் போய் நின்றேன். "இனி போகணுமா?"

"டிக்கெட் காச திருப்பித் தருவானா?"

"மாட்டான்."

"அப்ப போ."

உடைத்து எடுத்த மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் காசு திரும்பாது. முதல் குறிப்பில் இதை எழுதாமல் விட்டது என் தப்பு.

செப்டம்பர் 11, இரவு, திருவனந்தபுரம் விமான நிலையம்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை ஊர்ந்து வந்தோம். காரோட்டில் நாலுவழிச் சாலை ஏறியதும் கார் பறக்கிறது. நம் பக்கத்து நாலுவழிச் சாலை என்றைக்கு முடியுமோ அன்றைக்கு இந்த வரியை அழித்துவிடுகிறேன்.

களியக்காவிளை தாண்டியதும் டிரைவர் தம்பி வண்டியை ஓரங்கட்டினான். சாயா குடிக்கத்தான் என்று நினைத்தேன், லாட்டரிக் கடைக்கு. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை ஒழித்தாயிற்று, நம் மாவட்டத்துக்கு மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் அது உயிரோடு இருக்கிறது. ஓணம் பம்பர், சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி, குலுக்கல் 27-ஆம் தேதி. "அண்ணே, பாதி பாதி போடுவோமா?" என்றான். சூதாட்ட ஊருக்குப் போகிறவன் 250 ரூபாய்க்கு யோசிக்கக் கூடாது என்று கொடுத்தேன். சீட்டு அவன் கையில்.

பையில் அரைக் கிலோ வேக்கம் பாக்கெட் பன்னிரண்டு. எல்லாம் வறுத்த பருப்பு. டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற தரங்கள், கொஞ்சம் ஸ்பிளிட், அதாவது பாதியாகப் பிளந்த பருப்பு. அம்மா கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்து ஒரு டப்பா. கடைசி நிமிஷத்தில் அவளே திணித்த மட்டிப்பழம் ஒரு சீப்பு.

செப்டம்பர் 12, அபுதாபி

அமெரிக்காவுக்குள் பழம் கொண்டுபோக விட மாட்டான் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அமெரிக்க இமிகிரேஷன் இங்கேயே என்பதால் பழத்தின் கதையும் இங்கேயே முடிய வேண்டும். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக உரித்தேன். மட்டி விரல் நீளம்தான், தோல் மெல்லிசு, இரண்டு கடியில் ஒன்று தீரும். எட்டு தின்றேன். மீதி மூன்றைப் பக்கத்தில் நின்ற கொல்லம்காரருக்குக் கொடுத்தேன். அவர் வாங்கிய வேகத்தைப் பார்த்தால் அவர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள் என்று தெரிந்தது.

கஸ்டம்ஸில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று நானே சொன்னேன். வறுத்த பருப்பு, மாதிரிக்கு. அதிகாரி தலையாட்டினார். முந்திரிக்கொத்து என்ன என்றார். பெயரில் முந்திரி இருக்கிறது, உள்ளே முந்திரி கிடையாது, பாசிப்பயறும் கருப்பட்டியும் என்றேன். "பிறகு ஏன் அந்தப் பெயர்?" என்றார். நாற்பத்தாறு வயதாகிறது, இதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், திராட்சைக்கும் முந்திரி என்றொரு பெயர் உண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரியா என்று ஊரில் யாராவது சொல்லுங்கள். அவர் முத்திரை குத்திவிட்டார்.

செப்டம்பர் 12, சிகாகோ

உள்ளூர் விமானம் போய்விட்டது. பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 14, லாஸ் வேகாஸ்

பலர் கேட்டதால் விவரமாக. அபுதாபியில் விமானம் கிளம்பவே இரண்டு மணி நேரம் தாமதம். பதினைந்து மணி நேரத்தில் சிகாகோ. இமிகிரேஷன் இல்லை, அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் டிக்கெட் சிகாகோவோடு முடிகிறது, அதனால் பையும் சிகாகோவோடு முடிகிறது. ஒரே டிக்கெட்காரர்கள் கையை வீசிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்கள், அவர்களுடைய பை நேரே வேகாஸுக்குப் போகிறது. நான் பெல்ட் பக்கத்தில் ஐம்பது நிமிஷம் நின்றேன். பிறகு டெர்மினல்களுக்கு நடுவில் ஓடும் ரயில். பிறகு வரிசை. கவுன்டரில் நான் போய் நின்றபோது விமானம் புறப்பட 38 நிமிஷம் இருந்தது. பை ஏற்ற 45 நிமிஷத்துக்கு முன்னாலேயே மூடிவிடுவார்களாம். கவுன்டர் பெண் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினாள். கோபமே படவில்லை, அதுதான் எரிச்சல்.

முதல் விமானம் தாமதமானதால்தானே என்றேன். "அது எங்கள் விமானம் இல்லையே" என்றாள். அவள் சொன்னது நியாயம். இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு ஒப்பந்தம், ஒருவன் தாமதத்துக்கு இன்னொருவன் பொறுப்பில்லை. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் இடம் போட்டுக்கொடுப்பது அவர்கள் தலைவலி.

மறுநாள் காலை ஆறு மணி விமானத்துக்குப் புது டிக்கெட் 219 டாலர். ஓட்டலுக்குப் போன் செய்து, வராதவன் என்று அறையை ரத்து செய்துவிடாதீர்கள் என்றேன். இரவு முழுக்க நாற்காலியில். கையில் கருப்பட்டி வாசனை அடிக்கும் டப்பா.

செப்டம்பர் 15

ஓட்டல் விஷயம். 39 டாலர் என்பது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. என் ஓட்டலில் வார நாளில் அறை 39. அதோடு ரிசார்ட் கட்டணம் என்று ஒரு நாளைக்கு 45, இரண்டுக்கும் சேர்த்து 13 சதவீதத்துக்கு மேல் வரி. கூட்டினால் 95. நீச்சல் குளத்துக்கும் இணையத்துக்கும் அந்த 45 என்கிறார்கள். நான் குளத்தைச் சன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

அது வார நாள். 12-ஆம் தேதி வெள்ளி இரவு அறை மட்டும் 139. மறுநாள் அலிஜியன்ட் மைதானத்தில் மெக்சிகோக்காரர் கனேலோவுக்கும் கிராஃபோர்டுக்கும் குத்துச்சண்டை, ஊர் முழுக்க மெக்சிகோக் கொடி. நான் படுக்காத அந்த இரவுக்கு வரியோடு 209 டாலர்.

விமான நிலையத்திலேயே சூதாட்ட மெஷின் வைத்திருக்கிறான். பை வருகிற இடத்தில்கூட. ஓட்டலில் லிஃப்டுக்குப் போக வேண்டுமென்றால் கேசினோ நடுவில்தான் வழி. சன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, சிகரெட் புகை. நமக்கும் அங்கேயும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். மூன்று மணிக்கு விழித்துக் கீழே போனால் மாலை ஏழு மணி மாதிரி கூட்டம். தூக்கம் வராதவனுக்கு ஆறுதலான ஊர் என்றுதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 15, மறுபடியும்

உதடு வெடித்துவிட்டது. நம் ஊர்க் காற்றில் துணி காய இரண்டு நாள் ஆகும், இங்கே குளித்துவிட்டுத் துண்டை எடுப்பதற்குள் உடம்பு காய்கிறது. 37 டிகிரி, வியர்வையே தெரியவில்லை. தேங்காயெண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தேன். உதட்டுக்கும் மூக்குக்குள்ளும் தடவினேன். தம்பி, ஜனவரியில் குளிராக இருக்கும், ஆனாலும் பாலைவனம்தான். எண்ணெய் கொண்டுபோங்கள்.

செப்டம்பர் 16

கண்காட்சி. எனக்கு அரங்கு கிடையாது, பையோடு சுற்றுகிற ஆள். மாவு பிசைகிற மெஷின்கள் வீட்டு உயரத்துக்கு நிற்கின்றன. மண்டபத்துக்கு மண்டபம் போகச் சுரங்கத்தில் டெஸ்லா கார் ஓட்டுகிறார்கள், மண்டபங்களுக்கு நடுவே இலவசம். டிரைவர் உண்டு. இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றியது, இருந்தாலும் நாலு தடவை ஏறினேன்.

பருப்பு வாங்குகிற ஒருவர் கிடைத்தார். பெரியவர், எழுபது இருக்கும். டபிள்யூ 320 பாக்கெட்டைப் பிரித்தேன். 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும். அவர் உள்ளங்கையில் ஏழெட்டைக் கொட்டிக்கொண்டு வெளிச்சத்துப் பக்கம் திரும்பினார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் நடுவே பிளந்தார். உள்பக்கம் மஞ்சளோடியிருக்கிறதா என்று பார்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பாதியைக் கடித்தார், மற்ற பாதியை மேசையில் வைத்தார். எங்கள் ஆபீஸில் தரம் பிரிக்கிற அக்கா ஒருத்தி முப்பது வருஷமாக இதைத்தான் செய்கிறாள், அதே நகம், அதே வெளிச்சம். ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"எங்கே உடைத்தது?" என்றார். இந்தியாவின் தென்கோடி, கன்னியாகுமரி என்றேன். கொட்டை? மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வந்தது. விலை சொன்னேன். மனசுக்குள் ஒன்றரை மடங்கு போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. "பருப்பு நல்ல பருப்பு. வரி மாறினால் எழுதுங்கள்" என்று கார்டு கொடுத்தார். அன்று வாங்கிய பதினோரு கார்டில் ஒன்பது இதே பதில்.

முந்திரிக்கொத்து கொடுத்தேன். முந்திரி எங்கே என்று அவரும் கேட்டார்.

செப்டம்பர் 16, இரவு

நான் எழுதுவது லாஸ் வேகாஸைப் பற்றியே இல்லை என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் என்ற சாலையில் பெரும்பகுதியும் விமான நிலையமும் லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள் வராது. அந்த இடத்துக்குப் பெயர் பாரடைஸ், நகராட்சி கிடையாது, கிளார்க் கவுன்டி நேரடியாகப் பார்க்கிறது. களியக்காவிளைச் சந்தையில் நின்றுகொண்டு எந்த மாநிலம் என்று கேட்கிற மாதிரிதான். கடிதம் லாஸ் வேகாஸ் என்று போட்டாலே வந்து சேரும், நானும் அப்படியே எழுதுகிறேன்.

செப்டம்பர் 17

"ஒண்ணுமே ஆடலியா?" என்று வீட்டில் கேட்டாள். ஆடினேன். ஒரு டாலர்.

ஒரு சென்ட் மெஷின் என்று மேலே எழுதியிருந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு தடவை அழுத்தக் குறைந்தது 40 சென்ட். முதல் அழுத்தலில் 40 போய் 17 வந்தது. அந்தப் பதினேழுக்கு மெஷின் போட்ட சத்தம் கோயில் கொடைக்குப் போடும் வெடி மாதிரி. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன், இருபத்துமூன்று சென்ட் தோற்றிருக்கிறேன் என்று கணக்குப் போட ஒரு நிமிஷம் பிடித்தது. இரண்டாவது அழுத்தலில் 40 போனது, ஒன்றும் வரவில்லை. மீதி 37, இனி அழுத்த முடியாது. பொத்தானை அமுக்கினால் காசு விழவில்லை, 37 சென்ட் என்று அச்சடித்த சீட்டு வந்தது. பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஜன்னலில் ஸ்பியர் தெரிகிறது. 2023-ல் திறந்த பெரிய உருண்டைக் கட்டடம், வெளிப்பக்கம் முழுக்க விளக்கு. இன்றைக்கு ஒரு கண்ணாக மாறி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.

செப்டம்பர் 18, சிகாகோ

திரும்பும்போது புத்தி வந்து இடைவெளியை ஒன்பது மணி நேரமாக வைத்தேன். எல்லாம் சரியாக நடந்தது. ஒன்பது மணி நேரமும் முழுசாக உட்கார வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 22, வீடு

கணக்கு. மிச்சம் 31,000. டாலர் 88 என்று வைத்தால் புது டிக்கெட் 19,272. உள்ளூர் விமானத்தில் பைக்குத் தனிக் காசு, போக 40 டாலர், வர 40, ஆக 7,040. கழித்தால் 4,688 மிச்சம்.

அப்படியானால் உடைத்தது லாபம்தானே என்று திங்கள்சந்தைத் தம்பி துள்ளுகிறார். நானும் விமானத்தில் வரும்போது அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 22, அரை மணி கழித்து

படுக்காத இரவை மறந்துவிட்டேன். 209 டாலர், 18,392 ரூபாய். ஆக 13,704 நஷ்டம். மேலே போட்ட கணக்கை அழிக்கவில்லை, நான் எப்படி என்னையே ஏமாற்றினேன் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

வீட்டில் இதைப் படித்துக்காட்டினேன். "மெசின்ல ஒரு டாலர் போடதுக்கு அவ்வளவு யோசிச்ச ஆளு, டிக்கெட்டுல முப்பத்தொண்ணாயிரத்த வச்சு ஆடிட்டு வந்திருக்கியளே" என்றாள். பதில் சொல்லாமல் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

முதலாளி இன்னும் பில்லைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 24

தக்கலை அக்கா கேட்டது: அங்கே ஜெயித்தால் முழுசும் கையில் கிடைக்குமா? கிடைக்காது. ஸ்லாட் மெஷினில் ஒரே அடியில் பெரிய தொகை (2025-ல் 1,200 டாலரோ அதற்கு மேலோ) விழுந்தால், வெளிநாட்டுக்காரனிடம் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ரூலட், பிளாக்ஜாக் மாதிரி மேசை ஆட்டங்களுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. சில நாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு, நமக்கு இல்லை.

இந்தப் பக்கமும் சட்டம் இருக்கிறது. லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளிலேயே இருக்கிறது. ஊரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க லாட்டரி வாங்கித் தருகிறேன் என்று வருகிற விளம்பரங்களை நம்பாதீர்கள். பெரிய தொகை என்றால் ஆடிட்டரைக் கேளுங்கள், 37 சென்டுக்கு நானே போதும்.

அக்டோபர் 1

இரண்டு சில்லறை விஷயம். ஓட்டலில் நுழையும்போதே கார்டில் ஒரு தொகையை முன்பணமாக நிறுத்திவைப்பார்கள். கிரெடிட் கார்டானால் தெரியாது. நான் கொடுத்தது டாலர் ஏற்றிய பாரெக்ஸ் கார்டு, கடைசி இரண்டு நாள் கையில் காசு இருந்தும் இல்லாதவனாகத் திரிந்தேன். நேற்றுத்தான் அந்தத் தொகை விடுபட்டது.

இன்னொன்று, பில்லில் 38 டாலர் மினிபார். நான் ஒன்றும் குடிக்கவில்லை. தயிர் டப்பா வைக்க இடம் வேண்டும் என்று இரண்டு பாட்டிலை வெளியே எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். அடியில் சென்சார், தூக்கினால் விற்றதாகக் கணக்கு. போன் செய்து தயிர்க் கதை சொன்னேன், கழித்துவிட்டார்கள்.

அக்டோபர் 3

ஓட்டல் விலையில் எனக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் இந்த வருஷம் மே மாதத்திலிருந்து விதி. உண்மைதான். நான் போட்ட பக்கத்தில் பெரிய எழுத்தில் 84 என்றே இருந்தது, வரி மட்டும் தனி. 39-ஐ மட்டும் முதலில் காட்டுவார்கள் என்பது முதலாளி மகன் 2022-ல் போய்வந்தபோது சொன்ன கதை, அது என் தலையில் உட்கார்ந்துவிட்டது. ஓட்டல்காரன் மறைத்தான் என்கிற மாதிரி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அக்டோபர் 5

ஓணம் பம்பர் என்னாயிற்று என்று ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். டிக்கெட், வரி, ஓட்டல் எல்லாவற்றையும்விட உங்களுக்கு அதுதான் முக்கியம். 27-ஆம் தேதி குலுக்கலை நேற்றைக்குத் தள்ளிவைத்தார்கள். நேற்று டிரைவர் தம்பி போன் செய்தான். "அண்ணே, கடைசி நம்பர் ரெண்டு மட்டும் ஒத்து வருது." அதற்கு எவ்வளவு என்றேன். "அதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே, சும்மா சொன்னேன்."

அக்டோபர் 9

முக்கியமான திருத்தம், தம்பி கவனிக்கவும். ஆகஸ்டில் அபுதாபி, சிகாகோ வழி சிறந்தது என்று எழுதினேன். நான் போனது செப்டம்பரில். நீங்கள் போவது ஜனவரி முதல் வாரம். அப்போது சிகாகோவில் பனி. விமானத்தின் மேல் உறைந்த பனியைக் கழுவிவிட்டுத்தான் கிளப்புவார்கள், ஒன்று பிந்தினால் வரிசையாக எல்லாம் பிந்தும். அதில் உடைத்த டிக்கெட்டோடு போகிறவனை நினைத்தாலே எனக்கு அந்தக் கவுன்டர் கடிகாரம் ஞாபகம் வருகிறது.

அதனால் லாஸ் ஏஞ்சலஸ் வழியை மட்டமாகப் பேசியதைக் குறைத்துக்கொள்கிறேன். அங்கே பனி இல்லை. இமிகிரேஷன் வரிசையும், பையை எடுத்து மறுபடி போடுவதும் உண்டுதான். ஆனால் விமானம் தவறினால் பஸ் இருக்கிறது. வேகாஸ் அங்கிருந்து 435 கிலோமீட்டர், மார்த்தாண்டத்திலிருந்து திருச்சிக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம் கூட. சிகாகோவில் நான் மாட்டியபோது வேகாஸ் 2,400 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

அக்டோபர் 10

இரணியல் நண்பருக்கு: ஆமாம், ஐப்பசி ஆறாட்டு அன்று திருவனந்தபுரத்தில் சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. பத்மநாபசாமி ஊர்வலம் ரன்வே வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியிலும் அப்படியே. நேரத்தை மாற்றியிருப்பார்கள், உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். சாமி முன்னால் நாலு மணி நேர இடைவெளி எல்லாம் நிற்காது.

அக்டோபர் 17

முதலாளி பில்லைப் பார்த்தார். 219 டாலரைப் பேனாவால் வட்டம் போட்டார். "இது எதுக்கு?" என்றார். சொன்னேன். "உடைச்சு எடுக்கச் சொன்னது யாரு?" நான்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அடுத்தது எப்ப?" 2028 என்றேன். "அதுக்குள்ள வரி மாறுதானு பாப்போம். கார்டு தந்த பெரியவருக்கு மாசம் ஒரு கடுதாசி போட்டுட்டே இரு." முதல் கடிதம் நேற்றுப் போயிற்று, கூடவே ஒரு பாக்கெட் டபிள்யூ 320.

அக்டோபர் 23

தம்பி தீபாவளி அன்று டிக்கெட் போட்டுவிட்டாராம். இவ்வளவும் படித்த பிறகும் உடைத்துத்தான். லாஸ் ஏஞ்சலஸ் வழி, நடுவில் ஏழு மணி நேரம், கைப்பை மட்டும், மிச்சம் 26,000. முதலில் எரிச்சலாக வந்தது. யோசித்துப் பார்த்தால் பெல்ட் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, கவுன்டர் மூடுகிற பிரச்சினை இல்லை, பனியும் இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு தப்புக்கும் அவர் வழி கண்டிருக்கிறார். சரி, போய்வாருங்கள். ஏழு மணி நேரம் போதும் என்றுதான் நினைக்கிறேன். நாலு போதும் என்றும் நான்தான் எழுதினேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துபாய் வழி என்பதால் கஸ்டம்ஸ் லாஸ் ஏஞ்சலஸில்தான் வரும், மட்டிப்பழத்தை விமானத்திலேயே தின்று தீர்த்துவிடுங்கள். அந்த 37 சென்ட் சீட்டைக் கொடுத்தனுப்புகிறேன், ஜனவரியில் செல்லுமா என்று அந்த ஓட்டலில் கேட்டுப் பாருங்கள்.